நெற்றியைப் பார்க்காதே, கையைப் பார்!



சென்ற மாதம் ஒரு நாள், பால் நிறுத்து முடிந்து ஆபீசைப் பூட்டும் வேளையில், எங்கள் கிளைச் சங்க உறுப்பினர் மூவர் என்னிடம் வந்தனர். அவர்களில் மூத்தவர், "கிராணித் தம்பி! ஆற்றோரத்து லயத்தில் இருக்கும் வங்காள தேசத்து ஆட்கள் வெள்ளிக்கிழமை இராத்திரியானால் கூட்டம் கூடுகிறார்கள். என்ன ஓதுகிறார்கள், யார் வந்து போகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. சங்கத்தின் பேரில் போலீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடு" என்றார்.

"அண்ணே, நீங்கள் கண்ணால் கண்டது என்ன?" என்று கேட்டேன். "தொழுகிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள்" என்றார். "வேறு?" "வேறொன்றும் காணவில்லை."

நான் மனு எழுதவில்லை. அண்ணனுக்கு என்மீது வருத்தம். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மதத்தின் பெயரால் வெறியூட்டும் கூட்டங்களை அரசாங்கம் கண்காணிக்க வேண்டுமா? வேண்டும்! இதில் எனக்கு ஐயமில்லை. கூடாது என்போர் பேராக் மாநிலத்துச் சவுக் கிராமத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2000ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, அல்-மவுனா என்னும் கூட்டத்தார் இராணுவ உடை தரித்து, அதிகாரிகள் போல் நடித்து, கிரிக் வட்டாரத்து இராணுவ முகாம்களில் புகுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஆயுதங்களை வாரிக்கொண்டு சவுக்கிலுள்ள ஜெனாலிக் குன்றில் ஏறிக்கொண்டனர். உள்சக்தி என்றும் தற்காப்புக் கலை என்றும் சொல்லி ஆள் சேர்த்த கூட்டம் அது. பிணையாகப் பிடிபட்ட நால்வரில் இருவர் கொல்லப்பட்டனர். ஒருவர் இராணுவ வீரர் மாத்தியூ அனாக் மெடான். மற்றவர் போலீஸ் துப்பறியும் கார்ப்பரல் ஆர். சகாதேவன். நம்மவர் பிள்ளை! ஆயுதம் கைக்கு வரும்வரை காத்திருந்துவிட்டுப் பிறகு ஓடுவது காவலாகாது.

ஆயினும் தோழர்களே, காவல் என்ற பெயரால் நம் தலையில் விழுந்த அடிகளையும் நாம் மறக்கலாகாது. 1948 ஜூனில் அவசர காலம் பிறந்தது. காட்டிலிருந்த ஆயுதக்காரர்களைப் பிடிக்க வந்த சட்டம், கூலி உயர்வு கேட்டவனையும் சேர்த்தே பிடித்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு அவ்வாண்டே ரத்தானது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். பால்மரம் வெட்டப் போகும்போது காட்டுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று லயத்து வேலி வாசலில் தன் இடுப்புத் துணியையும் தடவிப் பார்த்ததை, என் தாத்தா சாகும்வரை சொல்லிக் கொண்டிருந்தார்.

அவசர காலம் 1960இல் முடிந்தது. அதன் பிள்ளையாக உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மந்திரி கையெழுத்திட்டால் விசாரணையின்றி இரண்டாண்டு சிறை. அது முடிந்தால் மீண்டும் கையெழுத்து! 1987இல் நூற்றுக்கு மேற்பட்டோர் இச்சட்டத்தில் அடைபட்டனர். தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட்டும் அவர்களில் ஒருவர். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் கமுந்திங் முகாமுக்குப் போயினர். கோயில் இடிப்பையும் ஏழை இந்தியரின் நிலையையும் எடுத்துப் பேசிய இயக்கம், நாட்டுக்கு ஆபத்து எனப்பட்டது. 2008இல் தடை செய்யப்பட்டது. அதே தடை 2013இல் நீக்கப்பட்டது. ஆபத்து ஐந்தாண்டில் எங்கே போயிற்று?

அச்சட்டம் 2012இல் ஒழிந்தது. அதன் இடத்தில் சொஸ்மா வந்தது. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி, சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்படப் பன்னிருவரைச் சொஸ்மாவில் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. இடையில் கம்பிக்குள் கழிந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

அப்படியானால் என்ன செய்வது? உளி பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டையை மேலோடு சீவினால் பால் இறங்காது. ஆழ வெட்டினால் மரம் காயப்படும், பின் வளரும் பட்டையெல்லாம் முண்டும் முடிச்சுமாகும். அரசாங்கத்தின் கண்காணிப்பும் அளவறிந்து செய்ய வேண்டிய வேலையே.

இந்த அளவை ஜப்பான் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. அங்கே ஓம் ஷின்ரிக்கியோ என்ற கூட்டம் 1989இல் மத நிறுவனமாக அங்கீகாரம் பெற்றது. அவ்வாண்டே, தன்னை எதிர்த்த வழக்கறிஞரையும் அவர் மனைவியையும் பச்சைக் குழந்தையையும் கொன்றது. மதம் என்று தயங்கிய போலீசார் வேண்டியபடி துருவவில்லை. 1994இல் மட்சுமோட்டோ நகரில் அக்கூட்டம் விஷவாயு விட்டபோதும், மனைவி நினைவிழந்து கிடக்க, போலீசார் அவள் கணவனையே சந்தேகித்தனர்! 1995 மார்ச் 20இல் தோக்கியோ சுரங்க ரயில்களில் அதே விஷம் பரவிற்று. 14 பேர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

இவ்வளவுக்குப் பின்னும், பழைய சட்டத்தைக் கொண்டு அக்கூட்டத்தைக் கலைக்க ஜப்பானின் ஆணைக்குழு 1997இல் மறுத்துவிட்டது. 1999இல் தனிச் சட்டம் பிறந்தது. கண்மூடித்தனமாகப் பலரைக் கொன்ற கூட்டத்துக்கே அது பொருந்தும். கண்காணிக்கும் உத்தரவு மூன்றாண்டுக்கு மேல் நில்லாது. நீட்டிக்க வேண்டுமானால் ஆணைக்குழுவின் முன் மீண்டும் காரணம் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை போகவேண்டும்.

நம் நாட்டுக்கும் நாம் கேட்பது இத்தகைய கட்டுப்பாடே. ஆயுதம், வெடிமருந்து, கொலை மிரட்டல், பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோதல் ஆகிய செயல்களைக் கண்காணியுங்கள். விபூதியையும் தொப்பியையும் சிலுவையையும் கண்காணிக்காதீர்கள். உத்தரவை மந்திரி தராமல் நீதிபதி தரட்டும். அதற்குத் தவணை இருக்கட்டும். தவறாகப் பிடிபட்டவனுக்கு மன்னிப்பும் நஷ்டஈடும் கிடைக்கட்டும். பிடித்தவனை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். அவன் குற்றத்தை அங்கே காட்டுங்கள்!

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணனை அழைத்துக்கொண்டு அந்த லயத்துக்குப் போனேன். தேநீர் கொடுத்தார்கள். தொழுகை முடிந்ததும் ஒருவர் சம்பளச் சீட்டை நீட்டி, "இந்தப் பிடித்தம் எதற்கு?" என்று கேட்டார். எனக்கே விளங்காத பிடித்தம் அது! திரும்பும் வழியில் அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்த மனுவை எழுது. போலீசுக்கு வேண்டாம், நிர்வாகத்துக்கு எழுது" என்றார்.

நாளை அதே லயத்தில் ஒருவன் துப்பாக்கி சேர்க்கிறான் என்று அறிந்தால், ஸ்டேஷன் வாசலில் முதலில் நிற்பவன் நானே. கோயிலில் சேர்த்தாலும் அப்படியே! அதுவரை, தொழுகிறவனை வேவு பார்ப்பது நம் சங்கத்தின் வேலையன்று. தொழிலாளியைத் தொழிலாளியே வேவு பார்க்கும் தோட்டத்தில் நிம்மதியாகத் தூங்குபவர் துரை ஒருவரே.