ஜெயித்தவனுக்குக் கை கொடுத்தாயா?

"என் மவன் கார் ரேஸ் பழகணும்ங்கான், அனுப்பலாமா?" என்று மேலகரத்தில் எங்கள் தெரு மதினி ஒருத்தி கேட்டாள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் குற்றாலம் ரோட்டில் அல்ல; சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது போன்ற பந்தயத் தளத்தில், முறையான பயிற்சியோடு. கூடவே பெற்றவர்களுக்கும் ஒரு பயிற்சி வேண்டும்!

2020-ல் இத்தாலியில், லொனாட்டோ என்ற ஊரில், கார்ட் எனும் சின்ன வண்டிகளுக்கான உலகப் பந்தயம். மோதி வெளியேறிய லூக்கா கோர்பெரி, ஆத்திரத்தில் வண்டியின் பம்பரைப் போட்டியாளரை நோக்கி வீசினார். பந்தயம் முடிந்ததும் அடிதடி. அப்பாவும் கூட இறங்கிவிட்டார். இருவருக்கும் 15 வருஷம் தடை!

1958-ல் போர்ச்சுகல் பந்தயத்தில் மைக் ஹாத்தார்னை விதி மீறியதாக நீக்கப் பார்த்தார்கள். அவருடைய எதிராளி ஸ்டர்லிங் மாஸே போய், "அவர் மேல் தப்பில்லை" என்று சாட்சி சொன்னார். அந்த வருஷ உலகப் பட்டம் ஒரே புள்ளியில் ஹாத்தார்னுக்குப் போயிற்று. மாஸின் மரியாதையோ இன்றுவரை குறையவில்லை.

சகோதரிகளே, பந்தயம் முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனாவதா வந்தே?" என்று முதலில் கேட்காதீர்கள். "ஜெயிச்சவனுக்குக் கை கொடுத்தியா?" என்று கேளுங்கள். தோற்றால் நடுவரையும் அடுத்த பிள்ளையையும் அவன் காதுபடத் திட்டாதீர்கள். வேகமாக ஓடும் வண்டியில் கோபமும் ஏறிக்கொண்டால், இன்னொரு தாயின் பிள்ளைக்கும் ஆபத்து.