'டிட் நாட் வென்ட்'டுக்கு ஏன் சிரிக்கிறீங்க?

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பக்கத்துலதான் என் நிலம். இந்தப் பக்கம் நாத்து நடுறோம், அந்தப் பக்கம் கம்பெனி பஸ் வரிசையாப் போகுது. போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு இன்டர்வியூவுக்குப் போயிட்டு முகம் வாடித் திரும்பினான். டிப்ளமோ மெக்கானிக்கல். என் பம்புசெட் மோட்டாரைப் பிரிச்சு மாட்டுறவன் அவன்தான்.

"வேற கம்பெனிக்குப் போனியா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டிருக்காங்க. "ஐ டிட் நாட் வென்ட் சார்"ன்னிருக்கான். எதிர்ல இருந்த ரெண்டு பேரும் சிரிச்சாங்களாம். அவங்களும் தமிழங்கதான்.

இது முட்டாள்தனம் இல்லைங்க. 'போனேன்'னு சொன்னா காலம், ஆள் ரெண்டும் அந்த ஒரு வினைக்குள்ளயே இருக்கு. ஆங்கிலத்துல 'டிட்' வந்துட்டா இறந்தகாலத்தை அது சுமந்துக்கும். பின்னால வர்றது வெறும் 'கோ'தான். ஒரே மூட்டையை ரெண்டு பேர் தலையில ஏத்தக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். இதை எனக்குப் பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லலை. 'கோ, வென்ட், கான்'னு பாட்டு மாதிரி ஒப்பிக்க வச்சாங்க. எது எங்க வரும்னு என் பொண்ணோட புத்தகத்தைப் புரட்டித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

வார்த்தைகளும் அப்படித்தான். லைட் போடு, சட்டை போடு, உரம் போடு, கையெழுத்துப் போடு. நமக்கு எல்லாத்துக்கும் ஒரே 'போடு'. ஆங்கிலத்துல 'ஸ்விட்ச் ஆன்', 'வேர்', 'அப்ளை', 'சைன்'னு நாலு. தமிழ்ல 'அதைப் பற்றி' பேசிப் பழகினவன் 'டிஸ்கஸ் அபவுட்'னுதான் சொல்லுவான். 'டிஸ்கஸ்'ஸுக்குள்ளயே அந்த 'பற்றி' இருக்குன்னு யாராவது சொல்லிக் கொடுத்தாத்தானே தெரியும்?

தப்பாவே பேசட்டும்னு நான் சொல்ல வரலை. மெஷின் சத்தத்துக்கு நடுவுல 'ஸ்டாப்'னா நிறுத்து, 'ஸ்டாப்ட்'னா நின்னுடுச்சு. அந்த வித்தியாசம் தெரியலைன்னா கை போயிடும். அதனாலதான் சிரிக்காம சொல்லிக் கொடுங்கன்னு கேக்கிறேன்.

1996ல ஹூண்டாய் இந்தியாவுல கம்பெனி ஆரம்பிச்சு, 1998ல இங்கேருந்து சான்ட்ரோ வெளிய வந்துச்சு. கொரியாவுல இருந்து வந்தவங்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவங்க ஒரு வாக்கியத்துல தடுமாறினா நாம சிரிக்கிறோமா? காதைத் தீட்டிக்கிட்டு, என்ன சொல்ல வர்றாங்கன்னு கேக்கிறோம். அந்தப் பொறுமை நம்ம ஊர்ப் பையனுக்கு மட்டும் ஏன் கிடைக்க மாட்டேங்குது?

2012-13லேருந்து அரசுப் பள்ளிகள்ல ஆங்கில வழிப் பிரிவு வந்துச்சு. மீடியத்தை மாத்தினா மட்டும் மொழி வந்துடாது. தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, 'நம்ம மொழி இப்படிச் சொல்லுது, அது அப்படிச் சொல்லுது'ன்னு ஆறாம் வகுப்புலயே காட்டணும். தமிழை ஒதுக்கி வச்சுட்டு ஆங்கிலம் கத்துக் கொடுக்கிறது, வரப்பை வெட்டிட்டு வயலுக்குத் தண்ணி கட்டுற மாதிரி.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிறவங்கள்ல சிலர் இன்டர்வியூ எடுக்கிற நாற்காலியில இருப்பீங்க. அடுத்த தடவை ஒரு பையன் 'டிட் நாட் வென்ட்'னா, முதல்ல அவன் வேலையைப் பாருங்க. அப்புறம் 'டிட் நாட் கோ'ன்னு மெதுவாத் திருத்துங்க. அரை நிமிஷம் ஆகும். நாங்க அவனுக்கு ராத்திரி திண்ணையில சொல்லிக் கொடுத்துட்டுத்தான் இருக்கோம். வர்ற புதன்கிழமை அடுத்த இன்டர்வியூ.