"கிதாபில் இருக்கிறது" என்றால் போதுமா?

தராவீஹ் எட்டு ரக்அத்தா, இருபதா என்று கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சண்டை பிடித்த தலைமுறை நாங்கள். அந்தச் சண்டைகளால் பள்ளிகள் பிரிந்தன, குடும்பங்கள் முகம் திருப்பிக்கொண்டன. ஆனாலும் நல்ல பழக்கம் ஒன்று எங்களோடு தங்கிவிட்டது. யாராவது ஒரு ஹதீஸைச் சொன்னால், "ஸஹீஹா, ளயீபா?" என்று பத்தாம் வகுப்புப் பையன்கூடக் கேட்கிறான். அறிவித்தவர் யார், அவரைப் பற்றி இமாம்கள் என்ன சொன்னார்கள் என்று மௌலவி பதில் சொல்லியாக வேண்டும்.

அதே மௌலவி அதே மிம்பரில் நின்று சரித்திரம் பேசத் தொடங்கியதும் அந்தப் பையன் வாயை மூடிக்கொள்கிறான். "கிதாபில் இருக்கிறது" என்ற ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. எந்தக் கிதாப், எழுதியவர் யார், சம்பவம் நடந்து எத்தனை வருடத்துக்குப் பிறகு எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை. அரபியில் இருந்தால் உண்மை, பழையதாக இருந்தால் இன்னும் உண்மை என்ற இந்த நம்பிக்கை எங்கள் கரையில் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை பரவிக் கிடக்கிறது. அரபு வரலாற்றைப் படிக்க ஆசைப்படும் பிள்ளையை முதல் அடியிலேயே வழிதவறச் செய்வது இதுதான்.

எங்கள் தீவைப் பற்றிய கதையையே எடுத்துக்கொள்வோம். நபி (ஸல்) அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட ஸரந்தீப் மக்கள் மதீனாவுக்கு ஒரு தூதரை அனுப்பினார்களாம். அவர் போய்ச் சேர்ந்தபோது நபியவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் மறைந்துவிட, உமர் (ரழி) ஆட்சியில் இருந்தாராம். திரும்பும் வழியில் தூதர் மக்ரான் பக்கம் இறந்துபோக, அவருடைய பணியாள் ஊர் வந்து, ஒட்டுப்போட்ட ஆடையோடு பள்ளிவாசலில் உறங்கும் கலீபாவைப் பற்றிச் சொன்னானாம். பயான்களில் இதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. இலங்கைக்கு இஸ்லாம் ஸஹாபாக்களின் காலத்திலேயே வந்துவிட்டது என்பதற்கு இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

கதை இருக்கும் கிதாப், புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் என்ற பாரசீக மாலுமியின் பெயரில் வழங்கும் 'அஜாயிபுல் ஹிந்த்'. 10ஆம் நூற்றாண்டு நூல். உமர் (ரழி) அவர்களின் காலத்துக்கும் அதற்கும் இடையில் 300 ஆண்டுகள். வளைகுடாத் துறைமுகங்களில் கடலோடிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட விந்தைகளின் தொகுப்பு அது. கப்பலைப் புரட்டும் மீன்களும் மனிதனைத் தூக்கிப்போகும் பறவைகளும் அதே ஏடுகளில்தான் வருகின்றன. பறவையை நம்பாதவர் தூதரை மட்டும் நம்புவது எந்த நியாயத்தில்? இந்தக் கதையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 10ஆம் நூற்றாண்டு அரபு, பாரசீக மாலுமிகள் ஸரந்தீபை எப்படி நினைத்தார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. 7ஆம் நூற்றாண்டு மதீனாவில் என்ன நடந்தது என்பதற்குச் சான்றாகாது.

இதைவிடப் பழைய, வலுவான செய்தி ஒன்றை பலாதுரீ தருகிறார். 892இல் மறைந்தவர். அவருடைய 'புதூஹுல் புல்தான்' சிந்துப் படையெடுப்பின் காரணத்தைச் சொல்லும் இடத்தில், மாணிக்கத் தீவின் அரசன் ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜுக்குச் சில பெண்களை அனுப்பிவைத்ததாக எழுதுகிறது. அந்தத் தீவில் வணிகர்களாக இருந்து மாண்டுபோன முஸ்லிம்களின் பெண்மக்கள் அவர்கள். தைபுல் பக்கத்துக் கொள்ளையர் கப்பலைப் பிடித்தார்கள், ஒரு பெண் ஹஜ்ஜாஜின் பெயரைச் சொல்லிக் கூவினாள், அதன் பின்னர் அவருடைய தளபதி முஹம்மத் இப்னு காஸிம் சிந்துக்குப் புறப்பட்டார். மாணிக்கத் தீவு இலங்கைதான் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது, அந்த இடைவெளியையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் இங்கே முஸ்லிம் வணிகர் குடும்பத்தோடு வாழ்ந்து இறந்தார்கள் என்பதை பலாதுரீ போகிற போக்கில் சொல்கிறார். எங்களைப் பெருமைப்படுத்த அவர் எழுதவில்லை. சிந்துவைப் பற்றி எழுதும்போது கை தவறி விழுந்த தகவல் என்பதால்தான் அதற்கு மதிப்பு.

கைபேசி வீடியோக்களில் ஓடும் முஹம்மத் இப்னு காஸிம் வேறொருவர். சிந்து மன்னன் தாஹிரின் மகள்கள் கலீபாவிடம் பழி சொல்ல, அவரைப் பச்சைத்தோலில் வைத்துத் தைத்து அனுப்பினார்கள் என்று கண்ணீர் வரச் சொல்வார்கள். அந்தக் கதை 'சச்நாமா'வில் இருக்கிறது. அலீ கூஃபி அதைப் பாரசீகத்தில் எழுதியது சுமார் 1216இல், சம்பவத்துக்கு 500 ஆண்டுகளுக்குப் பிறகு. பலாதுரீயோ, கலீபா வலீத் 715இல் இறந்து ஸுலைமான் பதவிக்கு வந்ததும் ஹஜ்ஜாஜின் ஆட்கள் பழிவாங்கப்பட்டார்கள், முஹம்மத் இப்னு காஸிம் விலங்கிடப்பட்டு வாஸித் சிறையில் சித்திரவதையில் மாண்டார் என்கிறார். இரண்டும் கிதாப்தான். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. எது முந்தியது, எது அன்றைய அரசியலோடு பொருந்துகிறது என்று எடைபோடத் தெரிந்த பிள்ளை வரலாறு படிக்கத் தொடங்கிவிட்டது.

இப்படிக் கேட்பது ஈமானைக் குலைக்கும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விகளை வெளியார் யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. 923இல் மறைந்த தபரீ, தம் பெருநூலின் முன்னுரையிலேயே, தமக்கு வந்து சேர்ந்தபடி செய்திகளைத் தருவதாகவும், வாசகருக்கு ஒவ்வாதது எதுவும் இருந்தால் அது அறிவித்தவர்களிடமிருந்து வந்தது என்றும் எழுதிவைத்தார். ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பை அவர் எங்கள் கையில் தந்துவிட்டுப் போனார். நாங்கள் அந்த முன்னுரையைத் தாண்டிக் குதித்து, "தபரீயிலேயே இருக்கிறது" என்கிறோம். நபியவர்களின் மறைவுக்குப் பின் நடந்த ரித்தா போர்களுக்கும் தொடக்ககாலப் படையெடுப்புகளுக்கும் தபரீ பெரிதும் நம்பியிருப்பது ஸைஃப் இப்னு உமரை. ஹதீஸ் இமாம்கள் அவரைப் பலவீனமானவர் என்று ஒதுக்கினார்கள். இது மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் எட்டாத தகவல் இல்லை. ரக்அத் எண்ணிக்கைக்குப் பயன்படும் அளவுகோலைச் சரித்திரம் பேசும்போது மட்டும் உறையில் போட்டுவைப்பது ஏன்?

1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், மூஸா (அலை) அவர்களோடு பாலைவனத்தில் ஆறு லட்சம் போர்வீரர் இருந்ததாக மஸ்ஊதி முதலியோர் எழுதியதை எடுத்துக் காட்டி, அத்தனை பேரை எந்த நிலம் தாங்கும், அணிவகுத்தால் ஒரு முனைக்கு மறுமுனை தெரியுமா என்று கேட்டார். அதே கேள்வியை எங்கள் ஊர்ச் சரித்திரத்திடமும் கேட்க வேண்டும். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்த எண் குவேறோஸ் பாதிரியாரிடமிருந்து வருகிறது. கோவாவில் இருந்த யேசுசபைத் துறவி, முஸ்லிம்களின் நண்பர் அல்லர், எழுதி முடித்தது 60 ஆண்டுகளுக்குப் பிறகு. பகைவர் எழுதியது என்று தள்ளினால் எங்கள் கரையின் முக்கியமான தடயம் ஒன்று கையைவிட்டுப் போகும். எழுத்தில் இருக்கிறதே என்று விழுங்கினால் 4,000 என்ற எண்ணை ஒருபோதும் சோதிக்கமாட்டோம்.

வெள்ளையர் எழுதியதெல்லாம் சூழ்ச்சி என்பது இதே நம்பிக்கையின் மறுபக்கம். எங்கள் உலமாக்கள் கையில் ஏந்தும் பலாதுரீயையும் தபரீயையும் 19ஆம் நூற்றாண்டில் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு லெய்டனில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் டி கூயே என்ற ஒல்லாந்தர். தபரீக்கு அவரோடு பலர் சேர்ந்து உழைத்தார்கள், வேலை 1879 முதல் 1901 வரை நீண்டது.

எங்கள் வம்சக் கதையும் இப்படி ஒரு வெள்ளையரின் எழுத்திலிருந்தே வருகிறது. அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமைக்குத் தப்பிய ஹாஷிம் குலத்தார் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இறங்கினர் என்ற செய்தியை ஏதோ அரபுக் கிதாபின் வாசகம்போலச் சொல்கிறோம். அதை எழுதிவைத்தவர் இலங்கையில் பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், 1827இல். இங்குள்ள முஸ்லிம்களிடம் வழங்கிய மரபுக் கதை என்றுதான் அவரும் குறித்தார். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று வாதிட்டபோது சட்டசபைப் பிரதிநிதித்துவம் அந்தப் பேச்சின் பின்னால் நின்றது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதியபோதும் ஒரு சமூகத்தின் உரிமைதான் அவர் கண்முன் நின்றது. இருவரும் வழக்கறிஞரைப்போல வாதாடினார்கள். நாங்கள் ஒரு தரப்பின் வாதத்தைத் தீர்ப்பாக மனப்பாடம் செய்துவிட்டோம். அரபு வாப்பாவைத் தேடும் அவசரத்தில், எங்கள் குடி உம்மாவின் வழியில் வருகிறது என்பதையும், அந்தக் குடிமுறையை அயல் தமிழரோடு பகிர்ந்துகொள்கிறோம் என்பதையும், பள்ளிவாசல் மரைக்காயர்களைக் குடிகளிலிருந்தே தெரிந்தெடுத்து வந்தோம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்தோம்.

சரித்திரத்தைக் கேள்வி கேட்காத இந்தப் பழக்கத்தால் வந்த கேட்டை நாங்கள் கண்ணால் கண்டோம். 2014இல் மோசுலைப் பிடித்தவர்கள் கிலாபத்தை அறிவித்தபோது, ஒரே கொடி, ஒரே கலீபா, இடைவிடாத வெற்றி என்ற கற்பனைச் சரித்திரம் ஏற்கெனவே கைபேசிகளில் தயாராக இருந்தது. 10ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதில் ஒரு கலீபா, 909 முதல் வட ஆபிரிக்காவில் பாத்திமியக் கலீபா, 929 முதல் குர்துபாவில் உமையாக் கலீபா என்று மூவர் ஒரே காலத்தில் உரிமை கோரியதை அந்த வீடியோக்கள் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் தற்கொலைக் குண்டுகள் வெடித்ததும் அந்தக் கொடியின் பெயரால்தான். சரித்திரம் சரியாகத் தெரிந்திருந்தால் அது நடந்தே இராது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பொய்ச் சரித்திரத்தைக் கேள்வி கேட்காமல் ஓடவிட்டோம் என்பதை மட்டும் சொல்வேன்.

தொடங்க விரும்பும் பிள்ளைக்கு அரபி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நபியவர்களின் வரலாற்றுக்கு முபாரக்பூரியின் 'ரஹீக்' தமிழில் கிடைக்கிறது. அதைப் படிக்கும்போதே, நபி வரலாற்றை முற்காலத்தில் தொகுத்த இப்னு இஸ்ஹாக் மறைந்தது 767இல், அவருடைய நூலைச் சுருக்கித் தந்த இப்னு ஹிஷாம் சிலவற்றைத் தாமே நீக்கியதாகச் சொல்கிறார் என்பதையும் மனதில் வைக்கட்டும். ஆங்கிலம் தெரிந்தால் அல்பர்ட் ஹௌரானியின் அரபு மக்கள் வரலாறு முழுப் பரப்பையும் காட்டும். எங்கள் வேருக்கு, 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் எழுதிய 'இலங்கையில் இஸ்லாம்' இருக்கிறது. 1344இல் இங்கே வந்த இப்னு பதூதா புத்தளத்தையும் பாவா ஆதம் மலையையும் கண்டு சொன்னதை, பத்தாண்டுக்கு மேல் கழித்து இப்னு ஜுஸய்யி எழுதினார் என்ற நினைவோடு படிக்கட்டும்.

பள்ளிவாசல் நிருவாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். மிம்பரில் சரித்திரம் சொல்பவர் நூலின் பெயரையும் அது எழுந்த நூற்றாண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நியதி வையுங்கள். அலுமாரிகளில் கிடக்கும் பழைய கூட்ட அறிக்கைகள், காணி உறுதிகள், விவாகப் பதிவுகள், மரைக்காயர் பட்டியல்கள் யாவற்றையும் இந்த வருடமே படம்பிடித்துவையுங்கள். 2004 சுனாமியில் கரையோர வீடுகளோடு பெட்டி பெட்டியாகக் கடதாசிகள் போயின. மிச்சமிருப்பவற்றைக் கறையான் தின்பதற்குள் ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்து வாசிக்கக் கொடுங்கள்.