அலகு புதிது, ரம்பம் பழையது

பழுதுபட்ட கருவியைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிடுவதே இன்று உலகியல் அறிவாக எண்ணப்படுகிறது. இவ்வெண்ணம் பொருளாதார நோக்கில் பிழையானது. பண்பாட்டு நோக்கில் பேரிழப்பு என்பது நம் கருத்து. இதனை விளக்கச் சிறியதோர் எடுத்துக்காட்டையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். அது மூலைவெட்டுக் கை ரம்பம்.

சிவகாசியில் அச்சான வண்ணப்படங்களும், கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) தீட்டிய உருவங்களும், அரபு எழுத்தணிகளும், திருமணப் புகைப்படங்களும் சட்டமேறியே நம் வட்டாரத்து வீட்டுச் சுவர்களை அடைந்தன. சட்டத்தின் மூலைகள் பொருந்த வேண்டுமாயின் ஒவ்வொரு துண்டின் முனையும் 45 டிகிரி சாய்வில் அறுபட வேண்டும். அதற்கென அமைந்ததே இக்கருவி. இரும்புப் படுகையின்மேல் திரும்பிக் குறித்த கோணத்தில் நிற்கும் தாங்கி, வழி பிறழாமல் நடத்தும் தண்டுகள், வில்போன்ற சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய அலகு ஆகியவையே இதன் உறுப்புகள். 45 டிகிரியில் நாற்கோணம், 36இல் ஐங்கோணம், 30இல் அறுகோணம், 22.5இல் எண்கோணம் என வடிவ கணிதம் முழுதும் அத்தாங்கியில் அடங்கிக் கிடக்கிறது.

இவற்றுள் தேய்வது பெரும்பாலும் அலகு ஒன்றே. படுகையும் தண்டும் தலைமுறைகளைத் தாங்க வல்லவை. அவ்வாறிருக்க, அலகு மழுங்கியது என்பதற்காகக் கருவி முழுவதையும் கழிப்பது எவ்வாறு தகும்? நெசவுக்குப் பேர்பெற்ற நம் சுந்தரபாண்டியத்தாரைக் கேட்டுப் பாருங்கள். அச்சு தேய்ந்தால் அச்சினை மாற்றுவர். தறியை விறகாக்க மாட்டார்கள்.

சீரமைக்கும் முறையும் அரிதன்று. மண்ணெண்ணெய் தடவித் துருவை இளக்கி, நுண்ணிய உப்புத்தாளால் துடைக்க வேண்டும்; கோண எண்கள் அழியாதவாறு காத்தல் இன்றியமையாதது. தண்டுகளுக்குச் சிறிதளவு தையல் இயந்திர எண்ணெய் போதும். பழைய அலகின் துளைக்குத் துளை நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து அதற்கொத்த புதிய அலகைத் தேட வேண்டும். பல் செறிய வெட்டு வழவழப்பாகும். அங்குலத்துக்கு 18 பற்கள் கொண்டது படச்சட்ட வேலைக்கு ஏற்றது. பொருத்தியபின் அலகு நெளியாதவாறு இறுக்க வேண்டும்.

இறுதிச் சோதனை நேர்மையானது. நான்கு துண்டுகளை அறுத்துச் சேர்த்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். நான்கு மூலைக்கும் வெட்டுகள் எட்டு. ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாக அரை டிகிரி பிழைத்தால், கடைசி மூலை 4 டிகிரி வாய்பிளந்து நிற்கும். சிறுபிழை பெருகும் வகையை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் வேறுண்டோ?

புதிய அலகு ஏறியபின் அது பழைய ரம்பம் ஆகுமா என்பார் உளர். வேலை செய்யாத பழமை காட்சிப்பொருள். வேலை செய்யும் பழமையே மரபு. நாளொன்றுக்கு நூறு சட்டம் செய்வோர்க்கு மின்ரம்பமே தக்கது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தொழில் பழகும் இளைஞனுக்கு, கைவிசையின் அளவும் மரத்தின் இயல்பும் கைக்கருவியிலேயே விளங்கும். மேலும், இன்றைய அலகுகள் பலவற்றின் பல்முனை மின்வெப்பத்தால் கடினமாக்கப்பட்டது. அதில் அரம் ஏறாது. மழுங்கினால் எறிய வேண்டியதுதான். ஆகவே, அரம்போட்டுக் கூர்தீட்டத்தக்க பழைய அலகு கிடைத்தால் அதனையும் போற்றி வைத்தல் நன்று.

நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிட்டார் ஔவையார் (புறநானூறு 87). விரைவு அறிந்தவனே பொறுமையின் மதிப்பையும் அறிவான் என்பது அவ்வுவமையில் நாம் காணும் பொருள்.

சமுதாயப் பெரியோர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் பட்டறை மூலையிலும் உறங்கும் கருவிகளை எடைக்குப் போடுமுன் ஒரு மாணவன் கையில் கொடுத்துப் பாருங்கள். மாணவச் செல்வங்களே! அதனைப் பெற்றவுடன் அருகிலுள்ள மூத்த தச்சாசாரி ஒருவரிடம் சென்று, அதன் உறுப்புகளுக்கு அவர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கருவி அழிந்தால் அதனோடு தமிழ்ச் சொற்களும் அழியும். இரும்பின் துருவை எண்ணெய் நீக்கும். மறைந்த சொல்லை மீட்க எண்ணெய் ஏதும் இல்லை.