வரி போட்டும் பள்ளம் மூடவில்லை!

அமெரிக்கா பணக்கார நாடு. ஆனால் அங்கே குழந்தைகள் விளையாடும் பொம்மை, பெரியவர்கள் கையில் இருக்கும் செல்போன் ஆகியவற்றில் பல சீனாவில் செய்தவை.

2024-ம் ஆண்டில் சீனாவிடம் அமெரிக்கா 43,800 கோடி டாலருக்கு மேல் சரக்கு வாங்கியது. சீனாவுக்கு விற்றதோ 14,300 கோடி டாலர் அளவுதான். துண்டு விழுந்தது சுமார் 29,500 கோடி டாலர்! இதைத்தான் "வர்த்தகப் பற்றாக்குறை" என்கிறார்கள்.

வேலை போயிற்று

சீனச் சரக்கு மலிவு. குடும்பங்களுக்குச் செலவு குறைந்தது. ஆனால் தொழிலாளியின் பிழைப்பில் மண் விழுந்தது.

2000-ம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சுமார் 1 கோடியே 73 லட்சம் பேர் வேலை பார்த்தனர். 2010-ம் ஆண்டில் இது சுமார் 1 கோடியே 15 லட்சமாகக் குறைந்தது. புதிய எந்திரங்களும், 2008-ம் ஆண்டின் பணநெருக்கடியும் இதற்குக் காரணம். சீனச் சரக்கும் ஒரு காரணம்.

வரிச் சண்டை

2018-ம் ஆண்டில் ஜனாதிபதி டிரம்ப் சீனச் சரக்குகளுக்கு வரி போட்டார். சீனா சும்மா இருக்குமா? அமெரிக்க சோயா பீன்சுக்கு 25 சதவீத வரி போட்டது. அடி விழுந்தது அமெரிக்க விவசாயிக்கு! அவர்களுக்காக 1,200 கோடி டாலர் வரை உதவி அறிவிக்க வேண்டியதாயிற்று.

இந்த வரியைத் துறைமுகத்தில் கட்டுகிறவர் யார்? சீனாக்காரர் அல்ல. சரக்கை வரவழைக்கும் அமெரிக்க வியாபாரிதான். அவர் அதை விலையில் ஏற்றினால், சுமை வாங்குகிறவர் தலையில்தான்.

கொல்லைப்புற வழி

2018-ம் ஆண்டில் சீனாவுடன் பற்றாக்குறை சுமார் 41,800 கோடி டாலர். 2024-ல் அது குறைந்துவிட்டதே, வெற்றிதானே?

இல்லை. அதே காலத்தில் வியட்நாமுடன் ஏற்பட்ட பற்றாக்குறை சுமார் 3,900 கோடி டாலரில் இருந்து 12,300 கோடியாக ஏறியது. சில தொழிற்சாலைகள் சீனாவை விட்டு அங்கே போய்விட்டன. சீன உதிரி பாகங்கள் அங்கே பொருத்தப்பட்டு, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகின்றன. வாசலை அடைத்தார்கள்; சரக்கு கொல்லைப்புறமாக வந்தது!

கோளாறு எங்கே?

நாட்டின் மொத்த உற்பத்தி 100 என்றால், சீனக் குடும்பங்கள் செலவிடுவது சுமார் 40. அமெரிக்கக் குடும்பங்கள் செலவிடுவது சுமார் 68. நோய்க்கும் முதுமைக்கும் பயந்து சீனர்கள் பணத்தைச் சேர்த்து வைக்கிறார்கள். உள்ளூரில் விலைபோகாத சரக்கு வெளியூர் போகிறது. அமெரிக்க அரசாங்கமோ கடன் வாங்கிச் செலவு செய்கிறது.

ஒரு வீடு வாயைக் கட்டுகிறது. இன்னொரு வீடு வரவுக்கு மேல் வாங்குகிறது. இரண்டு வீட்டுக் கணக்கும் மாறாதவரை, வரியால் மட்டும் இந்தப் பள்ளம் மூடாது.