உதவித்தொகையும் உள்ளத்து நம்பிக்கையும்



ஓர் அரசு தன் குடிமக்களுக்கு எவ்வித நிபந்தனையுமின்றி மாதந்தோறும் ஒரு தொகையை வழங்குமானால் அவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்களா? இவ்வினாவுக்கு விடை காண, பின்லாந்து அரசு 2017, 2018 ஆகிய ஈராண்டுகளில் ஒரு சோதனை நடத்தியது. வேலைவாய்ப்பே அதன் பிரதான நோக்கம். எனினும், அதன் முடிவுகளில் நம் சிந்தனைக்குரியது வேறொன்று.

வேலையின்றி அரசு உதவி பெற்றுவந்தோரில், 25 முதல் 58 வயது வரையிலான 2,000 பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் மாதம் 560 யூரோ. வரி போக அவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவந்த அடிப்படை உதவியும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆகவே வேலை கிடைக்காதவரின் கையில் பணம் பெருகிவிடவில்லை. மாறியது கொடுக்கும் முறையே. வேலை தேடியதற்குச் சான்று காட்டும்படி இத்தொகைக்காக எவரும் கேட்கவில்லை. வேலை கிடைத்த பின்னரும் தொகை நிறுத்தப்படவில்லை.

இறுதி அறிக்கை 2020 மே மாதத்தில் வெளியாயிற்று. 2017 நவம்பர் முதல் ஓராண்டில் இவர்கள் சராசரியாக 78 நாட்கள் வேலை செய்தனர். பழைய முறையில் உதவி பெற்றோரைவிட ஆறு நாட்கள் அதிகம். சோம்பல் வந்துவிடவில்லை, பேரற்புதமும் நிகழ்ந்துவிடவில்லை.

ஆனால் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டபோது வேறுபாடு தென்பட்டது. பிற மனிதர்களை எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதற்குப் பத்துக்கு 6.8 என்று இவர்கள் மதிப்பிட்டனர், மற்றவர்கள் 6.3 என்றனர். அரசியல்வாதிகள் மீதான நம்பிக்கையோ 4.5, மற்றவர்களிடம் 4.0. (அந்நாட்டிலும் அரசியல்வாதிகளுக்குப் பாதி மதிப்பெண்கூடத் தேறவில்லை என்பது வேறு விஷயம்!)

இதனை மிகைப்படுத்தலாகாது. தொகை பெற்றோரில் நூற்றுக்கு 31 பேரும் மற்றவர்களில் 20 பேருமே பதிலளித்தனர். மனநிறைவு கொண்டவர்களே முன்வந்து பேசியிருக்கக்கூடும். சோதனைக்கு முன்னர் இவர்களின் மனநிலை எப்படியிருந்தது என்பதும் அளக்கப்படவில்லை. ஆயினும் இம்முடிவு நியாயமானதென்றே எனக்குத் தோன்றுகிறது. மாதாமாதம் உன் சொல்லுக்குச் சான்று கொண்டு வா என்று கேட்கும் அலுவலகம், உன்னை நான் நம்பவில்லை என்றுதானே சொல்லாமற் சொல்கிறது? நம்பப்படாதவன் எவ்வாறு நம்புவான்?

அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு ஆண்டுதோறும் மானியம் வழங்கியதை அறிவீர்கள். எல்லோருக்கும் சமமான தொகை அன்று. தீனுக்கு முன்னதாக வந்தோருக்கு அதிகம். குழந்தைகளுக்குப் பால்குடி மறந்த பின்னரே மானியம் என்பது தொடக்க கால விதி. மதீனாவின் புறத்தே தங்கிய வணிகக் கூட்டத்தை ஓரிரவு காவல் காத்தபோது, ஒரு குழந்தை ஓயாது அழுவதைக் கலீஃபா அவர்கள் கேட்டார்கள். காரணம் வினவியபோது, எதிரே நிற்பவர் யாரென்று அறியாத அத்தாய், பால்குடி மறக்காத பிள்ளைக்கு உமர் மானியம் தருவதில்லை, ஆகவே விரைந்து மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று பஜ்ருத் தொழுகையில் அழுகை மேலிட, அவர்கள் ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் உண்டெனப் பறைசாற்றச் செய்தார்கள். அத்தாயை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை, விதியையே மாற்றினார்கள்.

ஜகாத்தையும் இப்படிக் கேள்வியின்றி எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா என்று சிலர் வினவக்கூடும். கூடாது. அதற்குரியோர் எட்டு வகையினர் எனத் திருக்குர்ஆன் வரையறுத்துவிட்டது. ஆதலால் விசாரணை அவசியமே. ஆனால் ஒரு குடும்பத்தின் நிலையை மஹல்லாவின் பொறுப்பாளர் இருவர் அடக்கமாக விசாரித்து, அவர்கள் இல்லத்திலேயே சேர்ப்பித்து வருவது ஒரு முறை. ரமலான் வெயிலில் நோன்பாளிப் பெண்களைத் தெருவில் வரிசையாக நிறுத்தி, பெயர் சொல்லிக் கூவியழைத்துக் கொடுப்பது மற்றொரு முறை. இரண்டிலும் தொகை ஒன்றேதான்.