உடைந்த சுவரும் உடைந்த உள்ளமும்

வெள்ளம் வடிந்தால் வீடு காய்ந்துவிடும். உள்ளம் காய எத்தனை நாளாகும்? இதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலை, ஆழிப்பேரலை நம் சாந்தோம், பட்டினப்பாக்கம் கடற்கரைக் குப்பங்களுக்குள் புகுந்தது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் கனமழை நீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் நீரில் தத்தளித்தன. இரு முறையும் நம் நகர மக்கள் அரிசியும் பாலும் போர்வையும் வாரி வழங்கினர். அது போற்றத்தக்கதே. ஆனால் அது மட்டும் போதுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் இடுப்பளவு நீர் புகுந்தது. பள்ளி திறந்ததும் நாங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "எவ்வளவு தண்ணீர்? என்னென்ன போயிற்று?" என்று துருவித் துருவிக் கேட்டோம். அவள் கண் கலங்கியதும், "அழாதே, உயிராவது தப்பியதே!" என்றோம். ஆறுதல் சொன்னதாகவே எண்ணினோம். அதன்பின் அவள் அதைப் பற்றி எங்களிடம் பேசவே இல்லை. வானம் இருண்டால் மட்டும் சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வாயை அடைத்தவர்கள் நாங்களே என்பது பின்னர்தான் புரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு கூறும் வழி எளியது: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும். வற்புறுத்தாமல், அவர்கள் சொல்வதைச் செவிமடுக்க வேண்டும். தக்க உதவியோடு அவர்களை இணைத்துவிட வேண்டும். இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை, பொறுமையே தேவை. நாள்பட்டும் துயரம் தணியாமல் உறக்கமும் உணவும் கெட்டால், மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை. 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சிறுவர் சிறுமியர்க்கோ பழைய ஒழுங்கு திரும்புவதே பெரிய மருந்து: மணியோசை, வகுப்பு, விளையாட்டு. ஆகவே எங்கள் கருத்து இதுதான். பேரிடருக்குப் பின் பள்ளி திறக்கும் முதல் நாளில் தேர்வும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். விரும்பியவள் பேசட்டும், விரும்பாதவள் படம் வரையட்டும், பந்தாடட்டும். நனைந்துபோன குறிப்பேடுகளை நாங்கள் பங்கிட்டு எழுதித் தருகிறோம். எங்கள் தோழிக்கும் அன்றே அதைச் செய்திருக்க வேண்டும்.

அடுத்த மழை வரத்தான் போகிறது. தோழியரே, பெற்றோரே! அப்போது அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், சற்று நேரம் அவர்களோடு அமர்ந்திருந்துவிட்டு வருவோம்.